கஞ்சியில் விழுந்த காது

மனித குலம் இதுவரை செய்த தவறுகளில் மிகப் பெரியது, நனைந்த போனை அரிசிக்குள் போட்டது. போர்களும் பஞ்சங்களும் அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகின்றன.

இதை அறிவித்தவன் முஹம்மது ஆசிக். சிதம்பரத்தில் எங்கள் விடுதியின் மொட்டை மாடியில், காயப்போட்ட லுங்கிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்றாலும் அவன் குரலில் உலக நாடுகளின் சபையில் பேசுகிறவனின் பொறுப்பு இருந்தது. நான் சிரிக்கவில்லை. அறைத்தோழன் உலகத்துக்குச் செய்தி சொல்லும்போது சிரிப்பது நாகரிகமல்ல. தவிர, அவனுடைய சார்ஜரைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆசிக் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். கார்த்திகேசனாகிய நான் பொருளாதாரத்தில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் அறையில் ஒருவன் படிக்கிறான் என்று சொல்வது சரியாக இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்ததும் எங்கள் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். வாளியில் விழுந்த போன், டீ குடித்த லேப்டாப், சட்டைப் பையோடு துவைத்துப் பிழிந்த இயர்போன் எல்லாம் வரும். நான் டார்ச் பிடிப்பேன். ஆசிக் முதலில் பொருளைப் பார்க்க மாட்டான். கொண்டுவந்தவனைப் பார்ப்பான்.

"அரிசில போட்டியா?"

ஆமாம் என்றால் தொலைந்தான். அரிசி ஈரத்தை உறிஞ்சாது, சும்மா காற்றில் வைத்தாலே அதைவிடச் சீக்கிரம் காயும், கெடுப்பது தண்ணீர் அல்ல, தண்ணீர் போன பிறகு உள்ளே தங்கும் உப்பும் அழுக்கும்தான், அதைக் கழுவி எடுக்காமல் அரிசிக்குள் புதைப்பது போனுக்குச் செய்யும் இறுதிச் சடங்கு என்று ஆரம்பித்து, மாவு துவாரத்தில் அடைத்துக்கொள்வதில் முடிப்பான். கேட்பவன் போனை மறந்து தன் பிறப்பைப் பற்றியே யோசிக்கத் தொடங்கியிருப்பான்.

இந்த உரையின் உச்சம், கட்டடப் பொறியியல் ஜூனியர் மணவாளன் வந்த அன்று நிகழ்ந்தது. அவனுடைய போன் மெஸ்ஸில் ரச வாளிக்குள் விழுந்திருந்தது. அதை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து எடுத்து வந்தான். ஆசிக் மூடியைத் திறந்தான். உள்ளே சூடான சோறு. சோற்றுக்கு நடுவே போன்.

"என்னாடா இது?"

"அரிசில போடச் சொன்னாங்கண்ணே. மெஸ்ல அரிசி குடுக்க மாட்டேன்னுட்டாங்க. சோறுதான் இருந்துச்சி."

ஆசிக் டிபன் பாக்ஸை நெடுநேரம் பார்த்தான்.

"ரசத்துல விழுந்தத சோத்துல போட்டிருக்க. அப்பளம் எங்கடா?"

மணவாளன் தலைகுனிந்து நின்றான். அப்பளம் கேட்டால் வாங்கி வந்திருப்பான் போலிருந்தது. ஆசிக் அந்தப் போனைக் கழற்றி, புளியும் மிளகும் போகக் கழுவி, ஐபிஏ என்று அவர்கள் சொல்லும் ஆல்கஹாலில் பிரஷ்ஷால் தேய்த்து, டேபிள் ஃபேனுக்கு முன்னால் காயவைத்தான். மறுநாள் அது உயிர்த்தது. மொட்டை மாடி அறிவிப்பு அதற்கு அடுத்து வந்ததுதான். ஆகவே அவன் வாய்ச்சொல் வீரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் அவனிடம் இருந்த தொந்தரவு.

நோன்பு மாதத்தின் கடைசிப் பகுதியில் ஒருநாள், ஆசிக் நோன்பு திறந்து அந்தித் தொழுகையான மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது கடலூரிலிருந்து அவன் அம்மா ஆசியா உம்மாள் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ஆசிக் பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பினான். அதனால் எனக்கும் கேட்டது.

"ஆசிக்கு, அத்தாவோட மிசினு கஞ்சில வுழுந்துடுச்சிப்பா."

அத்தா என்பது அவன் தகப்பனார் முஹம்மது இஸ்மாயில். மிசின் என்பது அவருடைய வலது காதில் மாட்டும் காது கேட்கும் கருவி. குவைத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவர். வீட்டைக் கட்டினார், மகள் சமீராவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார், இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இடது காது முழுவதும் போயிற்று. வலது காதில் மிச்சமிருப்பதை அந்தக் கருவி கூட்டிப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

"எந்தக் கஞ்சிலம்மா?"

"பள்ளிவாசல் கஞ்சிலதான். வேற எந்தக் கஞ்சில வுழும்."

"இப்ப எங்க இருக்கு?"

"அரிசில போட்டு வச்சிருக்கேன்."

ஆசிக் கண்ணை மூடிக்கொண்டான். "அம்மா. கஞ்சின்னா என்னா?"

"என்னாடா கேக்குற?"

"கஞ்சி எதுலம்மா காய்ச்சுவாங்க?"

"அரிசிலதான்."

"அரிசிக்குள்ள வுழுந்தத எடுத்து அரிசிக்குள்ளயே போட்டிருக்கீங்க."

"அது வெந்த அரிசி. இது வேகாத அரிசி," என்றார் ஆசியா உம்மாள். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது.

பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கி ராத்திரிடா. தம்பி ஓதுறான். அத்தா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. கஞ்சி கூடக் குடிக்கல, வெறும் தண்ணியில நோம்பு தொறந்துட்டு ஒக்காந்திருக்காரு."

ஆசிக்கின் தம்பி ஹுமாயூன் சின்ன வயதிலேயே வெளியூர் மதரஸாவுக்குப் போய்க் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவன். மறுநாள் இருபத்தேழாம் இரவு. நோன்பு மாதம் முழுக்க இரவுத் தொழுகையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓதிவந்த குர்ஆன் அன்றைக்கு முடியும். கடைசிப் பகுதியை ஊர்ப் பள்ளிவாசலில் நின்று ஓதித் தொழவைக்க ஹுமாயூனுக்கு முதல்முறையாக வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். அவன் ஓதப் பழகிய வருஷங்களில் அத்தா குவைத்தில். அத்தா திரும்பி வந்தபோது காது இல்லை. காதுக்குக் கருவி வந்தபோது மகன் மதரஸாவில். மகன் பள்ளிவாசலில் நின்று ஓதுவதை அவர் இதுவரை கேட்டதேயில்லை.

புதுச்சேரியில் கருவியை அளவெடுத்துக் கொடுத்த கடைக்கு ஆசிக் போன் செய்தான். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், வருவதற்குப் பெருநாள் கழிந்துவிடும் என்றார்கள். ஆசிக் போனை வைத்துவிட்டு, தன் திருப்புளிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"மச்சான், நீயும் வரியா?"

"டார்ச் யாரு புடிக்கிறது?" என்றேன்.

காலையில் பஸ் ஏறும் முன் ஆசிக் சிதம்பரத்தின் செருப்புக் கடைகளில் யாசகம் செய்தான். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, தின்னாதே என்று எழுதியிருக்கும், அந்தப் பொட்டலங்களுக்காக. ஈரத்தை உறிஞ்சுவது அதுதான், அரிசி அல்ல என்பது அவன் கட்சி. பெருநாள் வியாபாரம் சூடாக இருந்ததால் கடைகளில் பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒரு கடைக்காரர், "செருப்பு வேணாமா?" என்று கேட்டார். "வேணாண்ணே, பொட்டலம் மட்டும் போதும்," என்றான். அவர் எங்கள் காலைப் பார்த்துவிட்டு, ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பை நிறையக் கொடுத்தார்.

நான் நோன்பாளி அல்ல. இருந்தாலும் நண்பனுக்குத் துணையாகக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்து, பஸ் நிலையத்தில் இரண்டு போண்டா தவிர வேறு எதையும் தொடவில்லை. ஆலப்பாக்கம் தாண்டி, குடிகாட்டின் ரசாயன ஆலைகளிலிருந்து வழக்கமான அழுகிய பழ வாசம் வந்தபோது பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். ஆசிக் பொத்தவில்லை. போனில் காதுக் கருவியின் உட்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். முதுநகரில் இறங்கினோம்.

வீட்டில் எங்களை முதலில் வரவேற்றது இஸ்மாயில் மாமாவின் குரல். கருவி இல்லாதபோது தன் குரல் அவருக்கே கேட்காது. எனவே எல்லாவற்றையும் உரக்கத்தான் சொல்வார். ரகசியமாக இருந்தாலும் தெருமுனை வரை போகும்.

"வாப்பா கார்த்தி. வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, நான் சௌக்கியமாக இருக்கிறேனா என்று கவனித்துவிட்டு உள்ளே போனார்.

ஆசிக் நேராகச் சமையலறைக்குப் போனான். பொன்னி அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக் கருவியை எடுத்தான். ஒரு முந்திரிப் பருப்பு அளவு இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"பாரு மச்சான். சத்தம் போற ஓட்டையில நொய்யி. அம்மா, இங்க வந்து பாருங்க, நீங்க செஞ்ச வைத்தியத்த. கஞ்சி பாதி அடச்சிது, நீங்க மீதிய அடச்சிட்டீங்க."

ஆசியா உம்மாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "ராத்திரி பூரா நான் சும்மா ஒக்காந்திருக்க முடியுமாடா? எதனா செஞ்சாத்தான கையி நிக்கும்."

"அதுக்குத் தாயத்து கட்டலாம்ல. அதாச்சும் ஓட்டைய அடைக்காது."

"படிச்சிருக்கல்ல? நீ சரி பண்ணு. பண்ணிட்டு அப்பறம் பேசு."

ஆசிக் பையிலிருந்து ஐபிஏ பாட்டிலை எடுத்து மேடையில் வைத்து மூடியைத் திறந்தான். ஆசியா உம்மாளின் கத்தி நின்றது. அவர் மூக்கைச் சுருக்கினார். பாட்டிலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி விஷயங்களில் சந்தேகம் இயல்பாக என்மேல்தான் வரும்.

"நோம்பு மாசத்துல என்ன பாட்டில்டா இது?"

"அம்மா, இது மருந்து. மிசினக் கழுவறதுக்கு."

"என்னா மருந்து?"

"ஆல்கஹாலு" என்று உண்மையைச் சொன்னான் உண்மை விளம்பி.

நாங்கள் பாட்டிலோடு வெளியேற்றப்பட்டோம். மாடிப்படிக்குக் கீழே, தையல் மிசின் மேசையில் சிகிச்சை தொடங்கியது. நான் டார்ச் பிடித்தேன். அப்போதுதான் விபத்தின் முழு வரலாறும் கிடைத்தது. இஸ்மாயில் மாமா முக்காலியில் உட்கார்ந்து, தெருவுக்கே சொன்னார்.

நோன்புக் கஞ்சி காய்ச்சுவதில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சுகிறவரும் நோன்பாளி. ருசி பார்த்துப் பதம் சொல்ல முடியாது. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சலுகை இருக்கிறது என்பார்கள். மாமா அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில்லை. ஜெனரேட்டருக்கு நடுவில் வாழ்ந்தவர் அல்லவா, அவர் சத்தத்தில் பதம் பார்ப்பார். தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தின் விளிம்பில் குனிந்து வலது காதைக் கொடுப்பார். தண்ணீராக இருக்கும்போது கஞ்சி சலசலக்கும். அரிசி கரைந்து, கைமாவும் வெந்தயமும் சேர்ந்து குழைந்ததும் சத்தம் கனத்து, குளுப் குளுப் என்று நிதானமாகும். அந்த நிதானம் வந்ததும் தேங்காய்ப்பாலை ஊற்றி நெருப்பை இழுத்துவிட வேண்டும். கருவி வந்த பிறகு முதல் நோன்பு மாதம் இது. மாமா சொல்லி இறக்கிய கஞ்சி ஒருநாளும் தவறியதில்லை. குனிந்து குனிந்து காதுக்குப் பின்னால் வேர்த்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு விழுந்துவிட்டது.

"வுழுந்தது தெரியலப்பா," என்றார் மாமா. "கஞ்சி கொதிக்கிறது நின்னுபோச்சின்னு நெனச்சேன். அடுப்பு அணஞ்சிடுச்சி போலன்னு இன்னும் ரெண்டு கட்டய வச்சேன்."

அன்றைக்குக் கஞ்சி அடிப்பிடித்தது. அதை வாளிகளில் ஊற்றிக் கொடுத்தும் முடித்த பிறகுதான் மாமா காதைத் தடவிப் பார்த்திருக்கிறார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவசர அறிவிப்புப் போயிற்று. கஞ்சி வாங்கிப் போனவர்கள் தயவுசெய்து பார்த்துக் குடிக்கவும், அதில் இஸ்மாயில் பாயின் காது இருக்கிறது.

காது கிடைத்தது அமிர்தம் அக்காவின் தூக்கில். எங்களை எட்டிப் பார்த்த அதே எதிர்வீட்டுப் பெண்மணி. நோன்பு மாதம் முழுக்க அந்த வீட்டுக்கும் கஞ்சி போகும். தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு அவரே தெருவைத் தாண்டி வந்துவிட்டார்.

"கரண்டியில தட்டுச்சி. எலும்புன்னு நெனச்சிட்டேன் தம்பி. எங்கூட்டுக்காரரு தட்டுல வச்சிட்டேன். அவரு கடிச்சிப் பாத்துட்டு, இது கறி இல்லடின்னாரு."

ஆசிக் தலையை நிமிர்த்தினான். "கடிச்சாரா?"

"லேசாத்தான். அப்பறம் நல்லா சோப்பு போட்டுக் கழுவி, ஒரு டம்ளர் அரிசில போட்டு எடுத்தாந்து குடுத்தேன்."

அரிசி வைத்தியத்தின் மூல ஊற்று எது என்று தெரிந்துவிட்டது. ஆசிக் அவரிடம் எதையும் விளக்கவில்லை. உப்பு, தேங்காய்ப்பால், கொழுப்பு, சோப்பு, பல், இரண்டு வீட்டு அரிசி என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுக் குனிந்தான்.

அவன் வேலை செய்வதைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு விருப்பம் உண்டு. பேச்சு நின்றுவிடும். பேட்டரியை எடுத்தான். காதுக்குள் போகும் மெழுகு நிற அச்சையும் குழாயையும் பிரித்து வெந்நீரில் போட்டான். வெளி உறையை இரண்டாகத் திறந்து, உள்ளே நகம் அளவு இருந்த தகட்டை வெளியே எடுத்தான். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பாலாடை போலப் படிந்திருந்தது. பிரஷ்ஷின் நுனியால் தொட்டுத் தொட்டுக் கரைத்தான். நெற்றி வேர்வை விழுந்துவிடாமல் அடிக்கடி தலையைத் திருப்பிக்கொண்டான். நோன்பு வாய் உலர்ந்து உதடு வெடித்திருந்தது. மாடியில் ஹுமாயூன் ஓதிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரியில் நின்று, திரும்பப் போய், மீண்டும் அதே வரிக்கு வந்தான். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் குரல் ஏறி ஒரு இடத்தில் திரும்பும்போது டார்ச்சைப் பிடித்திருந்த கை தானாக நின்றது.

மாமா முக்காலியில் உட்கார்ந்தபடி மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து மேலே ஓதுகிறான் என்று ஊகித்திருக்க வேண்டும். ஹுமாயூன் நிறுத்தியதும் நான் டார்ச்சை நகர்த்தினேன். அவர் உடனே என்னிடம், "நிறுத்திட்டானா?" என்று கேட்டார். மேலே ஹுமாயூனுக்கும் கேட்டுவிட்டது. அவன் திரும்ப ஆரம்பித்தான்.

தகட்டையும் உறையையும் ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் செருப்புக் கடைப் பொட்டலங்களோடு போட்டு மூடினான் ஆசிக். மாலை அசர் தொழுகை வரை காத்திருந்து, திரும்பப் பூட்டி, புது பேட்டரி போட்டு, மாமாவின் காதில் மாட்டினான். கருவி கீச் என்று ஒரு விசில் அடித்தது. எல்லாருக்கும் கேட்டது. மாமாவின் புருவம் உயர்ந்தது.

"கேக்குதாத்தா?"

"கேக்…" என்றார். அதற்குள் நின்றுவிட்டது.

"உயிர் இருக்கு," என்றான் ஆசிக். "உள்ள இன்னும் ஈரம். காயணும். அவ்ளதான்."

அம்மாவைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்யவும் மறக்கவில்லை. "அரிசில இருந்திருந்தா இந்த விசிலு வந்திருக்குமா?"

"முழுசா வரட்டும்," என்றார் ஆசியா உம்மாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நோன்பு திறந்தார்கள். நானும் என் போண்டா நோன்பை முறைப்படி திறந்தேன். அன்றைய கஞ்சி வெறும் தண்ணீராக இருந்தது. அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் சீக்கிரமே இறக்கிவிட்டார்களாம். மாமா அன்று தேக்சா பக்கம் போகவில்லை. கோப்பையைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சலசலன்னு இருக்கறப்பவே எறக்கிட்டானுவோ," என்றார் தெருவுக்கு.

சாப்பாடு ஆனதும் ஆசிக் புட்டியைத் திறந்தான். மாட்டினான். சத்தமில்லை. கழற்றித் திறந்தான், ஊதினான், ஃபேனுக்கு முன் பிடித்தான், பூட்டினான். சத்தமில்லை. பேட்டரியை மாற்றினான். வாசல் வழியே வந்த கடல் காற்று பிசுபிசுத்தது. ஒரு பொட்டலத்தைப் பிய்த்துப் பார்த்தான். உள்ளே நீலமாக இருக்க வேண்டிய குருணைகள் ரோஸ் நிறமாகியிருந்தன. இன்னொன்றைப் பிய்த்தான். அதுவும். மொத்தப் பையும் தாகம் தீர்ந்துபோய்ப் படுத்துவிட்டது.

"வேற பொட்டலம்?" என்றேன்.

"கெடைக்கும். ஆனா காய நேரம் வேணும் மச்சான்."

ஆசிக் 'ஆனா' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நான் கேட்டதில்லை.

இரவுத் தொழுகையான இஷாவுக்கு நேரம் நெருங்கியது. ஹுமாயூன் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தான். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். மேசையில் இரண்டாகத் திறந்து கிடந்த கருவியைப் பார்த்தார். ஆசிக்கின் தோளில் கை வைத்து, குனிந்து, அவன் காதோரம் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"வுடுப்பா. நான் மொத சஃபு வரிசையில போயி நிக்கறேன். அவன் ஓதுறது அல்லாவுக்குக் கேக்கும். எனக்குக் கேக்கலன்னு தம்பிக்குத் தெரிய வேணாம். கேட்டுச்சின்னு சொல்லிடு. பாவம், புள்ள தடுமாறிடப் போவுது."

தெரு முழுக்கக் கேட்டது. அமிர்தம் அக்கா தன் வாசலில் விளக்கைப் போட வந்தவர் போடாமல் நின்றார். உள்ளே குழாயை யாரோ மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஹுமாயூன் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்து, அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டான். எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருவரும் கிளம்பினார்கள். பள்ளிவாசல் அடுத்த தெருதான். மாமா மகனோடு நடந்து போவது வளைவு வரை தெரிந்தது.

"நீ போலயா?" என்றேன்.

"வரேன்," என்றான் ஆசிக். "அவன் ஓதுறது கடைசிலதான். நடுவுல வந்து எடுத்துக்கினு போவலாம்."

எதை வந்து எடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. அவன் கருவியைப் பூட்டி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனான். எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. எழுந்து சமையலறைப் பக்கம் போனேன்.

விளக்குப் போட்டிருக்கவில்லை. ஆசிக் அரிசி டிரம்முக்கு முன்னால் குந்தியிருந்தான். தன் கைக்குட்டையை நான்காக மடித்து, கருவியை அதில் வைத்து, நொய் ஒன்றும் நுழையாதபடி ஓரங்களை இறுக்கிச் சுற்றினான். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடு அரிசியில் அதை வைத்தான். உதடு அசைந்தது. கையை எடுத்து, மேலே அரிசியைத் தள்ளி, குழந்தையைத் தூங்க வைக்கிறவன்போல உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தான். மூடியை மூடினான். ஒரு கணம் யோசித்து, கொஞ்சம் திறந்து வைத்தான்.

அடுப்புப் பக்கம் ஆசியா உம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவனுக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவியிருந்த ஒரு பாத்திரத்தை ஓசை வராமல் மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். ஆசிக் பின்னாலேயே வந்தான். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது.

"எங்கடா போன?"

"தண்ணி குடிக்க."

"குடிச்சியா?"

"குடிச்சிட்டேன்."

பள்ளிவாசலில் இஷாவுக்குத் தக்பீர் கட்டித் தொழுகை தொடங்கும் சத்தம் கேட்டது. அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு நடந்தான்.